பெயர் வெட்டாத தோசைக்கல்

சித்திரை

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீரைப் பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பணம் கொடுப்பதைத் தவிர அதில் எனக்கு வேலை இல்லை. அது போக, என் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் தேடினால் போட்டோ அச்சிட்ட காபிக் கப், இதய வடிவத் தலையணை, பெயர் போட்ட சாவிக்கொத்து என்று போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு நண்பன் வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் அப்படி ஒரு ஜோடி கப் கொடுத்தேன். போன மாதம் போனபோது ஒன்றில் டூத்பிரஷ் நின்றுகொண்டிருந்தது. நண்பன் முகம் பாதி அழிந்திருந்தது.

பெயர் போட்டுக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. திருநெல்வேலிப் பக்கம் பெண், மாப்பிள்ளை பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்து நெய்த பத்தமடைப் பாய் கொடுப்பார்கள். அக்காவுக்கு வந்த பாய் இன்னும் பரணில் சுருட்டியபடி இருக்கிறது. அதைவிட அதிகம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது. அதில் ஒரு வேடிக்கை, வெட்டுவது வாங்குகிறவர் பெயரை இல்லை, கொடுக்கிறவர் பெயரை. நான் தினமும் தண்ணீர் குடிக்கும் செம்பில் இருக்கிற பெயர் யாருடையது என்று அம்மாவுக்கே இப்போது தெரியவில்லை.

இந்த ஜோடியில் சமைக்கிறவர் மாப்பிள்ளை. அக்கா மகள் காய் நறுக்குவாள், ருசி சொல்லுவாள், அவ்வளவுதான். இருவருக்கும் பெங்களூரில் வேலை. யோசித்து யோசித்துக் கடைசியில் மூன்று பொருளில் வந்து நின்றேன். பழக்கிய தோசைக்கல், அம்மா சமையலை எழுதிய நோட்டு, அந்த நோட்டுக்குப் பொருந்துகிற ஓர் அளவு டம்ளர். கையில் நான்கு மாதம் இருந்தது.

வைகாசி: கல்

டவுனில் பாத்திரக்கடையில் பன்னிரண்டு அங்குல வார்ப்பிரும்புக் கல் வாங்கினேன். பழக்கியதே இருக்கிறது, கொஞ்சம் கூட ஆகும் என்றார் கடைக்காரர். வேண்டாம், பழக்குவதுதான் என் வேலை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

புதுக் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்க ஏதோ எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து அதை எடுத்தேன். பிறகு அம்மா சொன்னபடி வடிகஞ்சியில் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றினேன். மூன்று நாள் போதும் என்றாள். நான்காம் நாள் அலுவலக வேலையில் மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கல் முழுக்கக் காவி நிறம். புளியைக் கரைத்து ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்துவிடும். அடியில் இருந்த சாம்பல் நிற இரும்பு மறுபடியும் தெரிந்தது.

அடுத்த தப்பும் நான் செய்ததுதான். கல்லுக்குப் பஞ்சம் வைக்கக் கூடாது என்று நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தேன். ஆறிய பிறகு தொட்டால் விரல் ஒட்டியது. பலாப்பிசின் மாதிரி பழுப்பாக ஒரு பூச்சு, அதில் என் கைரேகை. எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து, இழை இழையாகப் பிணைந்து கெட்டியான படலமாக மாற வேண்டும். கல் பழகுவது என்பது அதுதான். பூச்சு மெல்லிசாக இருந்தால்தான் அடிவரைக்கும் இறுகும். தடிமனாக இருந்தால் மேலே தோல் கட்டும், உள்ளே பிசினாகவே நின்றுவிடும். கல்லுப்பும் நாரும் போட்டுச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிற்று.

இரண்டாம் முறை நாலே சொட்டு. தடவிய பிறகு, தப்பாகத் தடவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பழைய பருத்தித் துணியால் மொத்தத்தையும் துடைத்தேன். அதற்குப் பிறகும் ஒட்டியிருக்கிற எண்ணெய்தான் சரியான அளவு. கேஸ் அடுப்பில் நடு மட்டும் காய்ந்து ஓரம் காயாமல் கிடந்ததால், தம்பி வீட்டு ஓவனில் 230 டிகிரியில் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆறவிட்டேன். ஐந்து தடவை இப்படி. வீடெல்லாம் புகை. தம்பி மனைவி ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, "அத்தான், அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் குடுத்துருங்க" என்றாள்.

அப்புறம் எங்கள் வீட்டு அடுப்பில் தினமும் தோசை. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மாவு ஊற்றுவேன். முதல் நாள் தோசை சுரண்டல்தான். நான்காம் நாள் நடுவில் மட்டும் ஒட்டியது. பத்தாம் நாள் ஓரம் தானாக எழும்பி வந்தது. சப்பாத்தி மட்டும் போடவில்லை. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வராது என்பது வெறும் பேச்சு இல்லை, எண்ணெய் இல்லாமல் காய்ந்துகொண்டே இருந்தால் அந்தப் படலம் எரிந்துபோகும். அம்மா போட்ட தடை வேறு மாதிரி. "இதுல முட்டை கிட்டை ஊத்திராத. கல்யாண வீட்டுக்குப் போற கல்லு." எங்கள் வீட்டில் முட்டைக்குத் தனிக் கல்கூட இல்லை, முட்டையே இல்லை. இருந்தாலும் சொல்லி வைத்தாள்.

பெங்களூர் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்டும், அதனால் வேலை செய்யும். அடி சமமாக இருக்கிறதா என்று கிரானைட் மேடையில் வைத்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. எடுத்த எடுப்பில் முழுச் சூடு வைத்தால் விரிசல் விடலாம், குறைவாக ஆரம்பித்துக் கூட்டவும் என்று நோட்டின் முதல் பக்கத்துக்குக் குறித்துக்கொண்டேன்.

ஆனி: அளவு

மொத்தத்தில் கஷ்டமான வேலை இதுதான். அம்மாவிடம் எவ்வளவு மல்லி என்று கேட்டால் "ஒரு கை" என்பாள். எவ்வளவு உப்பு? "பாத்துப் போடு." எதைப் பார்த்து?

கேட்பதை விட்டுவிட்டேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அவள் சமைக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு டப்பாவையும் மூடியோடு நிறுத்து எழுதிவைத்தேன். சமைத்து முடித்த பிறகு மறுபடியும் நிறுத்தேன். வித்தியாசம்தான் அளவு. அவள் கையைத் தடுக்கவே இல்லை. தேங்காய் வறுத்து அரைத்து வைக்கிற புளிக்குழம்பு, தீயல், அதை மூன்று தடவை இப்படி நிறுத்தேன். மூன்றிலும் மல்லி 20, 22, 21 கிராம். கண்ணளவு என்று சொல்லிவிட்டு அவள் கை தராசாக இருக்கிறது. அதே ஒரு கை என் கையில் 33 கிராம். இவ்வளவு நாள் நான் வைத்த தீயல் ஏன் மல்லி வாசனையாகவே இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறியது. புளியின் புளிப்பைப் பார்த்துப் போடுகிறாளாம். அந்த இடத்தில் நோட்டிலும் "பாத்துப் போடு" என்றே எழுதிவிட்டோம்.

இடிசாம்பார்ப் பொடிக்கு எங்கள் ஆச்சி எழுதிய பழைய தாள் ஒன்று இருக்கிறது. அம்மாவின் அம்மா. மெட்ரிக் அளவு 1962இல் கட்டாயமான பிறகும் அவர்கள் பலத்திலும் வீசையிலும்தான் எழுதியிருக்கிறார்கள். மல்லி 2 வீசை, மிளகாய் வத்தல் 1 வீசை, துவரம்பருப்பு 20 பலம், வெந்தயம் 5 பலம், விரலி மஞ்சள் 4 பலம். ஒரு பலம் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். கூட்டுக் குடும்பத்துக்கு வருஷத்துப் பொடி. இரண்டு பேருக்காக இருபதில் ஒரு பங்காகக் குறைத்தேன். மல்லி 140, வத்தல் 70, பருப்பு 35, வெந்தயம் 9, மஞ்சள் 7 கிராம். கூட்டினால் கால் கிலோவை ஒட்டி வருகிறது. இந்த அளவை மில்லில் கொடுத்தால் நமக்கு முன்னால் அரைத்தவருடைய மிளகாய்தான் பாதி வரும். மிக்ஸியில் விட்டு விட்டுத் திரித்தேன். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடாகி வாசனை போய்விடுகிறது.

நோட்டு ஒரு வீட்டுச் சமையலாக மட்டும் இருக்கக் கூடாது என்று தோன்றியது. மாப்பிள்ளைக்கு ஊர் கும்பகோணம். சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து, உங்கள் வீட்டுக் கடப்பா எப்படி என்று கேட்டேன். நான்கு நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பாசிப்பருப்பு நல்லாக் குழையணும் தம்பி, உருளைக்கெழங்கு குழையக் கூடாது, அதான் சூட்சுமம்." தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் எல்லாம் அரைத்து விடுவது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இது கூட்டு மாதிரில்லா இருக்கு" என்றாள். செய்து இட்லிக்கு ஊற்றியதும் பேசவில்லை. இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.

ஆடி: எழுத்தும் டம்ளரும்

நோட்டை நானே டைப் செய்து அச்செடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அவள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனவள். அவளுடைய "லை"யில் கொம்பு தனியாக நிற்காது, எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை போல வளைந்து ஏறும். கறிவேப்பிலை, கடலை, வாழை இலை என்று சமையல் குறிப்பு முழுக்கத் துதிக்கைதான். அக்கா மகளிடம் ஒரு பக்கத்தை ரகசியமாகப் படம் எடுத்து அனுப்பிப் படிக்க வருகிறதா என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அனுப்பவில்லை, தெரிந்துபோகும்.

பேனா விஷயத்தில் ஒரு சோதனை செய்தேன். நான்கு பேனாவில் "புளிக்குழம்பு" என்று எழுதி, அதன் மேல் புளித்தண்ணீரும் எண்ணெயும் சொட்டிவிட்டேன். ஜெல் பேனா கரைந்து நீலக்குளம் ஆயிற்று. மலிவான பால்பாயின்ட் பேனா அப்படியே நின்றது. கோடு போடாத தடித்தாளை மடித்து, ஐந்து ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். அட்டைக்கு அம்மாவின் பழைய சுங்கடிச் சேலையில் ஒரு துண்டு. பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், சமையல் மேடையில் கிடக்கப் போகிற நோட்டுக்கு வேண்டாம் என்று ஃபெவிகாலோடு நிறுத்திக்கொண்டேன். முதுகுப் பக்கம் கொஞ்சம் கோணல். கடைசி இருபது பக்கத்தை வெறுமையாக விட்டேன். தாள் வீண் என்றாள் அம்மா.

டம்ளர் கதை தனி. அம்மா அரிசி அளப்பது பித்தளை ஆழாக்கில். படிக்கு எட்டு ஆழாக்கு, ஆழாக்குக்கு 168 மில்லி என்பது கணக்கு. எங்கள் ஆழாக்கு எப்போதோ கீழே விழுந்து வயிறு ஒடுங்கியது. தண்ணீர் ஊற்றி அளந்தால் 160தான். அம்மாவின் தண்ணீர்க் கணக்கெல்லாம் அந்த ஒடுங்கலை வைத்துத்தான் ஓடுகிறது. அதனால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் 160 மில்லி தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பென்சிலால் குறித்துப் பெயர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். அக்கா மகளுக்கு என் அம்மாதானே ஆச்சி. முன்பெல்லாம் உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள், இப்போது கரண்டில் ஓடுகிற பேனா, கொசு மாதிரி சத்தம்.

"இந்த இடத்துல ஒரு கோடு போட்டு, ஆச்சி ஆழாக்குன்னு வெட்டுங்க அண்ணாச்சி."

"சரி. உங்க பேரு எங்க போட?"

"என் பேரு வேண்டாம்."

"பொண்ணு மாப்பிள்ளை பேரு?"

"அதுவும் வேண்டாம்."

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கோட்டை மிக நேராக, சுற்றிலும் வெட்டிக் கொடுத்தார். எழுத்துக்குத்தான் காசு, கோட்டுக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

ஆவணி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கொடுத்தேன், மேடையில் கொடுத்திருந்தால் பரிசுக் குவியலில் போயிருக்கும். கல்லை மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோகிற மாதிரி சாக்கில் சுற்றியிருந்ததால் மாப்பிள்ளை முதலில் பயந்துவிட்டார். சம்பந்தியம்மா நோட்டைப் புரட்டி, கடப்பா என் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்து, "இதை நான் எழுதணும் தம்பி" என்று அந்தத் தாளின் எதிர்ப் பக்கத்தில் அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் எழுதினார். என்னுடையதில் பூண்டு விட்டுப்போயிருந்தது.

புரட்டாசி

மாப்பிள்ளை படம் அனுப்பினார். பெங்களூர் தண்ணீரில் அரிசிக்குக் கால் ஆழாக்குத் தண்ணீர் கூட வேண்டியிருக்கிறதாம், அக்கா மகள் அதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். இடிசாம்பார்ப் பொடி தீர்ந்து, அவரே அரைத்துவிட்டார். இரண்டாவது படத்தில் கல், கண்ணாடி மாதிரி கறுப்பாக. நான் ஐந்து தடவை ஓவனில் வைத்தும் வராத கறுப்பு. மூன்றாவது படம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒன்று, வெறுமையாக விட்டதில் முதல் பக்கம். மாப்பிள்ளை எழுத்தில் தலைப்பு: "ஆம்லெட், தோசைக்கல்லில், ஒட்டவே இல்லை." கீழே அக்கா மகள்: "ஆச்சிக்குத் தெரிய வேண்டாம் மாமா."

அதுவும் புரட்டாசியில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு இருவரும் வருகிறார்கள். உளுந்தங்களி எழுத விட்டுப்போய்விட்டதாம், வரும்போது நோட்டையும் எடுத்துவரச் சொல் என்று அம்மா நேற்று இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். கடைசியில் வெறும் பக்கம் இருக்கிறதல்லவா, அதில் எழுதிவிடலாம் என்கிறாள்.