பதினெட்டு டிகிரி

ஜனவரி 10, சனி

வீட்டில் பீர் காய்ச்சும்போது லண்டன் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் வெளிர் நிற பீரில் கசப்பு கரகரப்பாக நிற்கும். இங்கே காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இந்த ஊரில் கறுப்பு நிற போர்ட்டர் பீர் கொடிகட்டிப் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்: வறுத்த மால்ட்டின் (முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி) அமிலம் இந்தத் தண்ணீரைச் சரிக்கட்டிவிடும். பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட்டில் ஜிப்சம் நிறைந்த கிணற்று நீர், அங்கே பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் செழித்தது. எனக்கு வேண்டியது பிட்டர், அந்த பேல் ஏல் வகையில் ஒன்று. அதனால் 30 லிட்டரை இன்றைக்கே அரைமணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்தாயிற்று. அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிகிறது. காலையில் தெளிவை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும்.

கேம்டன் மாத்திரை (சல்ஃபைட்) பாதி, குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமினுக்காக. கொதித்தாலும் அது லேசில் போகாது. மிச்சம் இருந்தால் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி மருந்து வாசம் வரும். பிறகு அந்த பீரைக் கொட்டத்தான் வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

27 லிட்டர். ஜிப்சம் 4 கிராம், 80 சதவீத லாக்டிக் அமிலம் 2.5 மில்லி. நேற்று கொதிக்க வைக்காமல் எல்லாவற்றையும் அமிலத்திடமே விட்டிருந்தால் 10 மில்லிக்கு மேல் போயிருக்கும். அந்த அளவில் புளிப்பு நாக்கில் தட்ட ஆரம்பிக்கும்.

மாரிஸ் ஓட்டர் என்ற பார்லி வகை மால்ட் 3.6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம். ஆலையின் உருளை இடைவெளி 1 மில்லிமீட்டர். இதுவரை 1.2. இன்றைக்கு மாற்றியது அந்த 0.2 மட்டும்தான். உமி கிழியாமல், உள்ளே இருக்கும் மாவு நாலைந்து துண்டாக உடைந்தால் போதும். பையில் ஊறவைக்கும் முறைக்கு இன்னும் நுணுக்கலாம், ஆனால் பை வடிய நேரம் எடுக்கும், மாவு கலங்கிப் பானையின் அடியில் பிடிக்கும்.

தண்ணீர் 70 டிகிரி வந்ததும் அடுப்பை நிறுத்தி மால்ட்டைக் கொட்டினால் சரியாக 67. இந்த எண்ணை நான் விட்டுக்கொடுப்பதில்லை. 64க்குப் போனால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடி பீர் மெலிந்துவிடும். 69க்கு மேலே ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிஞ்சி வாயில் கனக்கும். கம்பளி சுற்றி ஒரு மணி நேரம், முடிவில் 66. பையைத் தூக்கிப் பிழிந்து, மூடி போடாமல் ஒரு மணி நேரக் கொதி. கிழக்கு கென்ட்டின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் வாசமும் தரும் பூ; கசப்புக்கான ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம்) தொடக்கத்தில் 40 கிராம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு 20 கிராம். கணக்குப்படி கசப்பு 30 அலகு. செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் ஓடியது. இங்கே ஜனவரியில் சீக்கிரமே 18க்கு இறங்கிவிடுகிறது.

ஹைட்ரோமீட்டர் (தண்ணீர் 1.000 என்றால் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி): 1.043. போன பீரில் 1.036. அதே மால்ட், அதே பானை, அதே 20 லிட்டர். மால்ட்டிலிருந்து கிடைத்த சர்க்கரை 63 சதவீதத்திலிருந்து 75க்கு ஏறியிருக்கிறது. மாதிரியை 20 டிகிரியில் வைத்து இன்னொரு முறை பார்த்தேன், ஏனென்றால் சூடாக அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. 40 டிகிரியில் ஆறேழு புள்ளி (0.001 ஒரு புள்ளி) குறைவாகக் காட்டும். 1.043தான்.

எஸ்-04 ஈஸ்ட், 11 கிராம், மேலே தூவியாயிற்று.

ஜனவரி 12

காலையில் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாய்) அசையவில்லை. அதை நம்பக் கூடாது, மூடி ஒரு பக்கம் கசிந்தாலும் குமிழி வராது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேலே மெல்லிய நுரை. 18.2.

ஜனவரி 13

அறை 15 டிகிரி, பீர் 18.5. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும், மும்முரமான நாட்களில் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூட. அறையின் வெப்பமானியைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதுதான் பிடிபடாமல் போகிறது. அளக்கும் கம்பியை பக்கெட்டின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே பஞ்சு வைத்து டேப் போட்டால் உள்ளே இருப்பது தெரியும். பக்கெட் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறது. கூடினால் உறைந்த பாட்டில் ஒன்றைத் தொட்டியில் போட்டால் போதும். முதல் மூன்று நாள் 22ஐத் தாண்டிவிட்டால் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்கள் வந்து தங்கிவிடும். பிறகு குளிர வைத்துப் பயனில்லை.

நொதிக்கும்போது பீரில் வரக்கூடிய வெண்ணெய் வாசம் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

ஜனவரி 14

18.6. நுரை மூடியைத் தொடுகிறது. ரொட்டி வாசம் வீடு முழுக்க.

ஜனவரி 15

18.3.

ஜனவரி 16

நுரை விழ ஆரம்பித்துவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்து 20 டிகிரி அறைக்கு மாற்றம். எஸ்-04 சட்டென்று திரண்டு அடியில் உட்காரும் சாதி. பீர் சீக்கிரம் தெளியும், ஆனால் வெண்ணெய் வாசத்தைத் திரும்ப உறிஞ்சும் வேலையைப் பாதியில் விட்டுவிடவும் கூடும். வெதுவெதுப்பு அதை இன்னும் இரண்டு நாள் விழிக்க வைக்கும்.

ஜனவரி 18

1.013. பச்சை ஆப்பிள் வாசம் லேசாக. இந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியதுதான், ஈஸ்ட்டே எடுத்துக்கொள்ளும். தொடக்கூடாது.

ஜனவரி 19

ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963 பட்ஜெட்டில்தான் போனது, நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் காலத்தில். இன்றைக்கும் விற்கத்தான் கூடாது.

ஜனவரி 20

1.011.

ஜனவரி 22

1.011. நின்றுவிட்டது. 4.2 சதவீதம்.

ஆனால் எண் நின்றதால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் நேரடியாக உமிழ்வதில்லை. அதன் முன்னோடி ஒன்றை வெளியே விடுகிறது, அதற்கு வாசமே கிடையாது. அது பீரில் மெதுவாக மாறுகிறது. இன்று முகர்ந்து சுத்தமாக இருப்பது பாட்டிலில் மூன்று வாரம் கழித்துப் பாப்கார்னாக எழுவது இதனால்தான். கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டு கண்ணாடிக் குவளையில் பீர், இரண்டுக்கும் அலுமினியத் தாள் மூடி. ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, மற்றதன் சூட்டுக்கே ஆறவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்து முகர வேண்டும். சூடு காட்டியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்னோடி இன்னும் உள்ளே இருக்கிறது.

வந்தது. மிக லேசாக, ஆனால் வந்தது. பக்கெட்டை மெதுவாகச் சுழற்றி அடியில் படிந்ததைக் கொஞ்சம் எழுப்பி, 21 டிகிரி. மூடி திறக்கவில்லை, காற்று பட்டால் அட்டை வாசம்.

ஜனவரி 23

21. காத்திருப்பு.

ஜனவரி 24

இரண்டு குவளையும் ஒரே வாசம். மால்ட், கொஞ்சம் மண்ணும் தேனும் கலந்த கோல்டிங்ஸ். வெண்ணெய் இல்லை! மறுபடி முகர்ந்தேன். இல்லை.

ஜனவரி 25

1.011. பாட்டிலில் அடைக்கும் நாள். சர்க்கரை 85 கிராம், 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டுக் காலி பக்கெட்டின் அடியில். அதன் மேல் சைஃபன் குழாயைச் சுருட்டி வைத்தால் பீர் சுழன்று தானே கலக்கும், துடுப்புப் போட வேண்டியதில்லை. இதனால் 20 லிட்டர் பீரில், அதன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வாயு கரைந்திருக்கும். பிட்டருக்கு அது போதும். நொதிக்காமல் நாலு புள்ளி மிச்சம் இருந்திருந்தால் வாயு இருமடங்காகி பாட்டில் வெடிக்கும். எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காக.

பாட்டில்களுக்குக் கிருமிநாசினி ஸ்டார்சான், லிட்டருக்கு 1.5 மில்லி. நுரை மிஞ்சினாலும் கழுவக் கூடாது. பழுப்புப் பாட்டில்கள் மட்டும், பச்சையில் வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் நாறும். கழுத்தில் மூன்று சென்டிமீட்டர் இடம். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைத்திருக்கிறேன். அமுக்கிப் பார்த்தால் வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

ஜனவரி 28

அமுங்குகிறது.

பிப்ரவரி 1

கல் மாதிரி.

பிப்ரவரி 7

திறந்தாயிற்று. செம்பு நிறம், விளிம்பு வரை தெளிவு. நுரை மெல்லியது, கடைசி மிடறு வரை கண்ணாடியில் ஒட்டுகிறது. முதலில் பிஸ்கட், பிறகு கசப்பு, கசப்பு வறண்டு முடிகிறது. கரகரப்பு இல்லை. தண்ணீர் சரி. வெண்ணெய் இல்லை. 67 சரி, 18 சரி. எந்தச் சுவை எந்த நாளில் வந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது, அதில்தான் இவ்வளவு சந்தோஷம். ஹாப்ஸ் வாசம் மட்டும் நான் விரும்பும் அளவுக்கு எழவில்லை.

பிப்ரவரி 8

அடுத்ததில் அடுப்பை அணைத்தபின் 80 டிகிரியில் கோல்டிங்ஸ் 30 கிராம், இருபது நிமிடம். வேறு எதையும் தொடப் போவதில்லை. உருளை 1 மில்லிமீட்டரிலேயே இருக்கட்டும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.