எட்டு குளிரா, எட்டு சூடா

சனிக்கிழமை ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கலாம்னு அஞ்சறைப் பெட்டிய தொறந்தா கடுகுக் குழியில கார் எஞ்சின்ல பொறி கிளப்பற ஸ்பார்க் பிளக் ஒண்ணு, சீரகத்துல ஒண்ணு, வெந்தயத்துல ஒண்ணு, மிளகுல ஒண்ணு. கடுகு, சீரகம் எல்லாம் ஒரே டம்ளர்ல கலந்து கெடக்கு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஹால்ல இருந்து சத்தம், "அம்மிணி, மாத்தி வச்சுராத, கடுகு ஒண்ணாம் சிலிண்டரு!"

எங்க வீட்டு காரு மாருதி எஸ்டீம். 85 குதிரை சக்தியோட பொறந்த வண்டி. எஞ்சின் வால்வத் தொறந்து மூடற கேம மாத்தி, புகை போற எக்ஸாஸ்ட் மாத்தி, இப்ப நூறுங்கறாரு எங்க வீட்டுக்காரரு. அவரே போட்ட கணக்கு, ஆடிட் கிடையாது. நூறு குதிரைக்கு சாதா பிளக் தாங்காதாம், அதனால என்ஜிகே கம்பெனி பிளக்குல ஆறாம் நம்பரக் கழட்டிட்டு, அதவிடக் குளிரான எட்டு.

வாழ வந்த பாவத்துக்கு எனக்கும் இதெல்லாம் அத்துபடி. குளிர் பிளக்குன்னா ஜில்லுன்னு இருக்கும்னு நெனைக்காதீங்க. உள்ள இருக்கற வெள்ளைப் பீங்கான் மூக்கு குட்டையா இருந்தா சூட்ட சட்டுனு எஞ்சின் மேல்மூடி, அதான் ஹெட்டுக்குக் கடத்திரும், அது குளிர் பிளக். மூக்கு நீளமா இருந்தா சூடு அங்கயே தங்கும், அது சூடு பிளக். நுனி ஒரு 500 டிகிரியாச்சும் தொட்டாத்தான் படியற கரி தானா எரியும், 800ஐத் தாண்டுனா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டன் ஓட்டையாகறதெல்லாம் அப்படித்தான். என்ஜிகேல நம்பர் கூடக் கூட குளிரு. இருக்கறதுக்கு மேல 75, 100 குதிரை கூடுதலா ஏத்துனா ஒரு படி குளிரா போகலாம்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. இவரு கூட்டுனது பதினஞ்சு. எறங்குனது ரெண்டு படி. கேட்டா "சேஃப்டிக்கு"ங்கறாரு.

சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணன் அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டாரு. "வேண்டாங்க தம்பி, எட்டு ரொம்ப சூடு." இவரு, "அண்ணே, எட்டுதான் குளிரு." அவரு மைக்கோ காலத்து ஆளு, மைக்கோன்னா பாஷ் கம்பெனியோட இந்தியப் பேரு, பாஷ் பிளக்குல நம்பர் கூடுனா சூடு, அதான் அவருக்கு வேதம். அந்த பாஷே அதுக்கு முந்தி 175, 225னு நம்பர் போட்ட காலத்துல பெரிய நம்பர்தான் குளிரு, அப்புறம் அவங்களே தலைகீழா மாத்திக்கிட்டாங்க. ஆக உலகத்துல ஒருத்தரும் ஒருத்தரோட ஒத்துப் போகல, இவங்க ரெண்டு பேரும் எங்க போயி ஒத்துப் போறது, டீ வந்து ஆறி ஏடு படிஞ்சுது, கடைசில காசு குடுக்கறவரு ஜெயிச்சாரு. கழட்டுன பழைய பிளக்க "தூக்கிப் போட்டுருங்கண்ணே"ன்னு சொன்னாரு பாருங்க, அந்தத் திமிரு.

சரி, அஞ்சறைப் பெட்டி. எட்டு போட்ட அப்புறம் நுனி கலரப் பாக்கத்தான் நாலையும் கழட்டி, எது எந்த சிலிண்டரோடதுன்னு மாறிராம குழிக்கு ஒண்ணா வச்சிருக்காரு. பிளக் நுனி டிகிரி காபி கலர்ல இருந்தா எஞ்சின் சௌக்கியம். வெள்ளை வெளேர்னு பொரிஞ்சிருந்தா சூடு மீறுது. கரி அப்பியிருந்தா ஒண்ணு பெட்ரோல் அதிகம், இல்ல பிளக் சூடாகவே இல்ல. நாலுமே கரி. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ஒரு ரேஸ் டிராக், இந்தக் கரி வேற, அது ஒரு சுத்து 2.1 கிலோமீட்டரு, அங்க சுத்திச் சுத்தி அலற விட்டா எட்டாம் நம்பருக்கு வேலை இருக்கலாம். எங்க வண்டி ஓடறது உக்கடம் சிக்னல்ல ஃபர்ஸ்ட் கியர்ல. "ஹைவேல நாலு மிதி மிதிச்சா எரிஞ்சுரும்"னு தொடச்சு அதையே திருப்பி மாட்டிட்டாரு.

மறுநாள் மருதமலையில கல்யாணம். அத்தையோட தங்கச்சி பேத்தி. வடவள்ளி தாண்டறதுக்குள்ள வண்டி ரெண்டு இருமு இருமிட்டு நின்னுருச்சு.

பிளக் ஸ்பேனர் எங்கன்னு கேட்டா வீட்டுல. ஜாக்கி? வீட்டுல. ஸ்டெப்னியே வீட்டுலதான். எடையக் கொறைக்கறாராம். அத்தை பின்சீட்ல பட்டுப் புடவையோட உக்காந்திருக்காங்க, அவங்க எடையும் சேத்து யோசிச்சிருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மாமா அலட்டிக்கவே இல்ல. மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு சேடக் ஸ்கூட்டரோட பிளக் ஸ்பேனர எடுத்தாரு. ஸ்கூட்டர வித்து எத்தனையோ வருஷமாச்சு, ஸ்பேனரும் உப்புத்தாளும் மட்டும் இன்னமும் மூக்குக்கண்ணாடி மாதிரி கூடவே வருது. ஆனா அது 21 எம்எம், எஸ்டீமுக்கு வேணுங்கறது 16. மாமா முகம் வாடிப்போச்சு. "அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஒரே ஸ்பேனரு"ன்னு முனகிட்டே திருப்பி வச்சுக்கிட்டாரு.

மெக்கானிக் அண்ணன் டிவிஎஸ்ல வந்து சேர்றப்ப முகூர்த்தம் முடிஞ்சாச்சு. போதாக்கொறைக்கு "சூட்டோட கழட்டுனா மரை போயிருமுங்க"ன்னு பானட்டத் தொறந்து வச்சிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வச்சாரு. அது நாயம்தான், அலுமினிய ஹெட்டு. அப்புறம் சட்டைப் பையில இருந்து பேப்பர்ல சுத்துன பொட்டலம். பழைய ஆறாம் நம்பர்கள். "தூக்கிப் போடச் சொன்னீங்க, எனக்கு மனசு வரலீங்க. தொடச்சு, பொறி தாவற இடைவெளி, அந்த கேப் பாத்து வச்சிருந்தேன்."

மாட்டி சாவியத் திருகுனதும் பட்டுனு புடிச்சுக்கிச்சு. அண்ணன் கையத் தொடச்சுக்கிட்டே, "பாத்தீங்களா, அன்னைக்கே சொன்னேன் எட்டு சூடுன்னு. ஆறு போட்டதும் எஞ்சின் எப்படிக் குளுந்துருச்சு!"

எங்க வீட்டுக்காரர் முகத்த நீங்க பாத்திருக்கணும். அண்ணன் சொன்ன வைத்தியம் சரி, காரணம் முழுசா தலைகீழு. குளிர் பிளக்க எடுத்துட்டு சூடு பிளக் போட்டதாலதான் ஓடுது. அதச் சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. வாயத் தொறந்தாரு, அத்தை கண்ணாடி வழியா ஒரு பார்வை பாத்தாங்க, "ஆமாங்கண்ணே"ன்னு பணத்த நீட்டிட்டாரு.

பந்தியில பாயசம் தீந்து போச்சு, அத்தை இன்னைக்கு வரைக்கும் அவருகிட்ட நேரா பேசல.

நேத்து ராத்திரி போன வச்சுக்கிட்டு அடுத்த ஆராய்ச்சி. நுனியில இரிடியம்கற உலோகம் வச்ச பிளக்காம். இரிடியம் 2446 டிகிரிலதான் உருகுமாம், நிக்கல் 1455லயே உருகிருமாம், நுனி மெல்லிசா இருக்கறதால பொறி சுலபமா தாவுமாம், கேப்ப மட்டும் கண்டபடி நோண்டக் கூடாதாம். நம்பரு? "ஏழு. நடுவுல போயிரலாம்."

கோயமுத்தூர்ல குடியிருந்துக்கிட்டு, தீபாவளியில இருந்து எங்க வீட்டு கிரைண்டர் பெல்ட் கீச்சு கீச்சுன்னு கத்துது. அதுக்கு மட்டும் "ஓடற வரைக்கும் ஓடட்டும் அம்மிணி."