அழறதுக்கு அப்ப நேரமில்ல

கோவிட் நேரத்துல டாக்டருங்க நர்ஸுங்க பட்ட கஷ்டம்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் பிபிஇ டிரஸ்ஸ பத்திதான் கேக்குறாங்க. அது கஷ்டம்தான், பாத்ரூம் போக முடியாதேன்னு டியூட்டிக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவோம், கழட்டும்போது கை ரெண்டும் க்ளவுஸுக்குள்ள ஊறிப்போய் வெளுத்துக் கெடக்கும், ஆனா அதெல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டா தீர்ந்துடும்.

தீராதது வேற. 2021 மே மாசம், செகண்ட் வேவ், சென்னையில ஜிஹெச் வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்னுச்சு, உள்ள ஆக்சிஜன் பெட் ஒண்ணு காலியானாதான் அடுத்த ஆளு. நான் இருந்த ஆஸ்பத்திரியிலயும் அதே நெலமைதான். பெட் எப்படி காலியாச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

பேஷண்டோட சொந்தக்காரங்க யாரும் உள்ள வர முடியாது, அதனால கேட்டுல செக்யூரிட்டி கிட்ட சாப்பாட்டுப் பைய குடுத்து விடுவாங்க, மேல பேரு, வார்டு, பெட் நம்பர் எழுதி ஒட்டியிருக்கும். ஒருநாள் காலைல ஒரு ஃபிளாஸ்க் வந்துச்சு, ஒட்டுன சீட்டுல 'கஞ்சி சூடா இருக்கு, மெதுவா குடிம்மா'ன்னு எழுதியிருந்துச்சு. அந்தம்மாவுக்கு விடியக்காலையிலயே ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இறங்கி எல்லாம் முடிஞ்சு போச்சு, பெட்ல வேற பேஷண்ட், பையனுக்கு இன்னும் போன் போகல. ஃபிளாஸ்க்க கையில வச்சுட்டு நிக்கும்போதே பக்கத்து பெட் மானிட்டர் கத்துச்சு, கீழ வச்சுட்டு ஓடினேன். அழறதுக்கு அப்ப நேரமில்ல, அப்புறமும் அந்த நேரத்த எங்களுக்கு யாரும் குடுக்கல.

2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாடே எங்களுக்காக கை தட்டுச்சு. அடுத்த மாசமே சென்னையில நியூரோ சர்ஜன் டாக்டர் சைமன் கோவிட்ல இறந்தப்ப அடக்கம் பண்ண விடாம கல்லெறிஞ்சு ஆம்புலன்ஸ ஒடச்சாங்க, கூட வேலை பாத்த டாக்டரே ராத்திரியில மண்ணள்ளிப் போட்டு மூட வேண்டியதாச்சு. அத பாத்துட்டு மறுநாள் டியூட்டிக்குப் போற பொண்ணு மனசுல என்ன ஓடும், நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொதைக்கவாவது விடுவாங்களான்னுதான ஓடும்?

இப்ப மீட்டிங் போட்டு கவுன்சிலிங் போங்க, மனசு விட்டுப் பேசுங்கன்னு சொல்றாங்க, நல்ல விஷயம்தான். ஆனா கோவிட்டுக்காக எடுத்த காண்ட்ராக்ட் நர்ஸுங்க 2,300 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட வேலை முடிஞ்சுதுன்னு தமிழ்நாட்டுலயே அனுப்பினாங்க, ரோட்டுல ஒக்காந்து போராடினாங்க. நாளைக்கு வேலை இருக்குமான்னே தெரியாதவ எந்த மேடம் கிட்ட போய் எனக்குத் தூக்கம் வரல, மானிட்டர் சத்தம் காதுலயே கேக்குதுன்னு சொல்லுவா? சொன்னா இவ சரிப்பட மாட்டான்னு எழுதிடுவாங்களோங்கிற பயம்தான் வாய கட்டுது. ஆளு பத்தாத வார்டுல ஒழுங்கா ஒரு வீக் ஆஃப், நெரந்தரமா ஒரு வேலை, இது ரெண்டையும் குடுக்காம யோகா கிளாஸ் மட்டும் வச்சா எப்படிங்க மனசு ஆறும்?

ஆஸ்பத்திரிக்குள்ள சொல்ல பயமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு மனசு கஷ்டத்துக்கு கவர்மெண்ட் வச்சிருக்கிற ஹெல்ப்லைன், ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம். என் கூட அந்த வார்டுல நின்ன பொண்ணுங்க யாராவது இத படிச்சா எனக்கே கூப்பிடுங்கடி, நைட் டியூட்டி முடிச்சுட்டு தூங்குவாளேன்னெல்லாம் யோசிக்காதீங்க.