ஒதுக்கிய நிதி ஆண்டிறுதியில் கைநழுவியது: வலை மண்டபம் கட்ட நாங்கள் பட்ட பாடு

1990இல் இடம்பெயர்ந்து மீண்ட எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக் கரையில், கடற்றொழிலாளர் சங்கத்தின் வலை திருத்தும் மண்டபம் அரச நிதியில் மறுபடி எழுந்து நிற்கிறது. ஆனால் முதல் ஒதுக்கீடு ஒரு சதமும் செலவாகாமல் டிசம்பர் 31உடன் காலாவதியாகிப் போனதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கிராம அலுவலரின் சிபாரிசு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அங்கீகாரம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு ஆகியவை தடையின்றிக் கிடைத்தன. சிக்கல் அதன் பிறகே தொடங்கியது. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒதுக்கீட்டுக் கடிதம் தந்த அலுவலகத்தில் இதை எவரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதப் போன அன்றுதான் எழுதுவினைஞர் ஒருவர் எங்கள் கோவையை (ஃபைலை) புரட்டிவிட்டு, "பெர்மிட் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது" என்றார். எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டோம். பதில் சொல்லாமலே எழுந்து போய்விட்டார்.

அனுமதிக்குக் காணி உறுதி கேட்டார்கள். மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, எல்லைகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மாரி பிடித்துவிட்டது. அத்திவாரம் வெட்டவே முடியாத அந்த வாரங்களில் நிதியாண்டும் முடிந்தது.

ஆகவே கரையோரச் சங்கங்களுக்கு நான் வலியுறுத்துவது, உறுதிப் பிரதியும் கரையோர அனுமதியும் கையில் இருக்கும்போதே நிதி கேளுங்கள் என்பதுதான். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரைகள்தான் மறு ஆண்டு எங்களைக் காப்பாற்றின. புதிய ஒதுக்கீடு வந்த பின்னும் "கோவை மேலே போயிருக்கு" என்ற ஒரே பதிலே கிடைத்துக்கொண்டிருந்தபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முத்திரையிட்ட பிரதிகளைக் காட்டி, கோவை யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டோம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கெடுவுக்கு முன்பே, மேலே போனதாகச் சொல்லப்பட்ட கோவை அதே அலுவலகத்தின் அலுமாரியிலிருந்து கையொப்பத்துக்குப் போனது. அன்று சங்கத்தில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

இன்னொன்று: முடிந்த வேலைக்கான கொடுப்பனவுப் பட்டியலை (பில்லை) மாரிக்கு முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். டிசம்பரில் எல்லா வேலைத்திட்டங்களின் பட்டியல்களும் ஒன்றாகக் குவியும். அளவீட்டுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பிடிப்பதே அப்போது பெரும்பாடு.