புள்ளி வைத்த நாட்கள்

ஜூலை 3, 2023, திங்கள். சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

ஆயா வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சொந்த ஆயா இல்லை. இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி. சாமிக்கும் சமையலுக்கும் உறவுக்கும் மட்டும் அவரிடம் தமிழ் மிச்சமிருக்கிறது.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். "அடிச்சாரா? இல்ல. குடிக்காரா? இல்ல. அப்புறம் என்னட்டி?"

பதில் வரவில்லை. ஒன்பது வருடத்தில் என் கணவர் கை ஓங்கியதே கிடையாது. சாவியை மேசையில் வைத்தேன் என்பேன். "உனக்கு ஞாபகமே கிடையாது" என்பார். அப்புறம் அந்தச் சாவி அவர் பையிலிருந்தே வரும். கோபம் வந்தால் பேச மாட்டார். செலவு நோட்டில், அவர் பேசாத நாட்களின் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பேன். அதிகபட்சம் தொடர்ந்து 23 புள்ளிகள். நிரந்தர வசிப்புரிமை வந்த பிறகுதான் கிளம்பத் துணிந்தேன். கிளம்பியும், நடந்ததெல்லாம் நிஜமா என்று இன்னும் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். இதைக் கேட்கவே படித்த ஒருவரிடம்.

ஜூலை 7, வெள்ளி

ஒரு சைக்காலஜிஸ்ட்டின் அறைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். "மெடிக்கல் எய்ட் எண் சொல்லுங்கள்" என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மெடிக்கல் எய்ட் என்பது இங்கே மருத்துவக் காப்பீடு மாதிரி. என்னுடையது அவர் கம்பெனி வழியாக வந்தது. முதன்மை உறுப்பினர் அவர், நான் அவரைச் சார்ந்தவள். எந்த மருத்துவரிடம் போனாலும் கோரிக்கையில் நோய்க்குறியீட்டு எண் இருக்கும். எந்தத் தேதியில் யாரைப் பார்த்தேன் என்ற கணக்கு அவர் மின்னஞ்சலுக்குப் போகும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என்னைப் போல் எத்தனை பெண்கள் இந்த இடத்தில் போனை வைத்திருப்பார்கள்!

கையிலிருந்து கட்டுவதென்றால் ஒரு தடவைக்கு என் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. புடவைக் கடைச் சம்பளத்தில் மாதம் ஒரு தடவை முடியும்.

ஜூலை 15, சனி

கடைக்காரம்மா சொன்ன ஒரு கவுன்சிலரிடம் போனேன். பதினைந்து நிமிடம் கேட்டார். பிறகு, "அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்" என்றார். தலையாட்டிவிட்டு, பணத்தையும் கட்டிவிட்டு வந்தேன்.

ஷேர் டாக்ஸியில் ஹிக்கின்சன் ஹைவே வரும்வரை, குறை என்னிடம்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் நான் என்ன பேசுவேன்? ஆமாம், எனக்கு ஞாபகசக்தி குறைவு என்பேன். மனவதை நடந்த வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைப்பது பல சமயம் ஆபத்து என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே வாய் திறந்ததற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும்.

ஜூலை 23, ஞாயிறு

ஆடி. மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நின்ற ஓர் அக்கா, "எங்க லைஃப் கோச்சைப் பாரு, மூணே சிட்டிங்ல மன்னிக்கக் கத்துக்கொடுப்பாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். இந்த நாட்டில் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவு எண் பி.எஸ். என்று தொடங்கும். பெயரைப் போட்டால் இணையத்திலேயே யாரும் சரிபார்க்கலாம். லைஃப் கோச் ஆக அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பதை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் நடந்தது நடந்தது என்று ஆகட்டும்.

ஆகஸ்ட் 9, புதன்

பெண்கள் தின விடுமுறை. 1956இல் இதே நாளில் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகை வரை நடந்தார்கள். நான் அறையிலேயே உட்கார்ந்து சட்டம் படித்தேன்.

குடும்ப வன்முறைச் சட்டம், 1998, எண் 116. அடி உதை மட்டுமே வன்முறை என்று அதில் இல்லை. மனதை, உணர்வை வதைப்பதும் இருக்கிறது. திரும்பத் திரும்ப அவமதிப்பது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது என்று 1998இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தில், ஒருவரை அடக்கிக் கட்டுப்படுத்தும் நடத்தையும் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. இப்போதைக்கு நான் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் "திரும்பத் திரும்ப" என்ற சொல்லில் வெகுநேரம் நின்றுவிட்டேன். என் புள்ளிகளைச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா, இதுதான் அப்புறம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சாடாக் என்ற மனச்சோர்வு, மனப்பதற்ற உதவி அமைப்பின் இலவச எண்ணுக்குப் பேசினேன். 1994இல் தொடங்கிய அமைப்பு. எடுத்தவர் அவசரப்படுத்தவில்லை. குறைந்த கட்டணத்துக்குப் பல்கலைக்கழக உளவியல் கிளினிக்குகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்களாம்.

அப்படி ஓர் இடத்துக்குப் பேசும்முன் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். கணவரைக் கூப்பிடச் சொல்வீர்களா? குறிப்புகளை யார் பார்ப்பார்கள்? மனவதையிலிருந்து வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? கேட்கும்போது குரல் நடுங்கியது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். ஒன்பது வருடத்தில், கேள்வி கேட்டதற்காக நான் திட்டு வாங்காத முதல் நாள் இதுதானோ என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

முதல் சந்திப்பு. காலையில் லோட் ஷெட்டிங், கரண்ட் இல்லை, ஆயா கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தார். "பயப்படாதே பிள்ளை" என்றார். இரண்டு டாக்ஸி மாறிப் போனேன்.

ஜூலு பெண். என்னைவிட இளையவர். எதையெல்லாம் ரகசியமாக வைப்பார், எதை வைக்க முடியாது என்று முதலிலேயே சொன்னார். யார் உயிருக்காவது ஆபத்து என்றாலோ, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ அவர் வெளியே சொல்லியாக வேண்டும். "நான் உங்களுக்குச் சரிவரவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்க்கலாம். அதற்காக வருந்தமாட்டேன்" என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் என்னால் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

ஆனால் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, யாரோ வேறொருத்தியின் கதை போலவே இருந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

அதை அவரிடமே சொன்னேன். "உங்கள் கணவர் சொன்னதை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். அப்புறம் எனக்கு விளக்குங்கள்" என்றார்.

"சோத்துக்கு வந்தவ."

எத்தனையோ தடவை என் காதில் விழுந்த சொல். என் வாயால் அன்றுதான் சொன்னேன். அதை எப்படி விளக்குவது? சோறு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அப்பாவின் சின்ன மெஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். காசில்லாதவருக்கும் இலை போட்ட அப்பா, பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் வைத்த நான். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்த சொல் அது. கல்யாணத்துக்கு முன் மெஸ் கதைகளை அவரிடம் ஆசை ஆசையாகச் சொன்னவளும் நான்தான். விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. சொல்லும்போதே என் காதுக்கு அது கேட்டது. பாதியில் அழுதேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கிளம்பும்போது, "செலவு நோட்டை அடுத்த வாரம் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன்.

"இங்கே நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எனக்குக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.