"ஸ்டாக்கப் வரட்டுமா, அக்கா?"

கூட வேலை செய்யும் தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டான். "ஸ்டாக்கப் வரட்டுமா, அக்கா? வந்தபிறகு ரவுட்டிங் தொடங்கவா?" ஸ்டாக்கப் என்பது போர்டின் லேயர்கள் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் இருக்கும் என்று போர்டு செய்யும் இடம் தரும் கணக்கு. ரவுட்டிங் என்பது சிப்புகளை இணைக்கும் செம்புக் கோடுகளை இழுப்பது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லேயர் இடைவெளி 3 மில்லுன்னு வச்சுத் தொடங்கு, தைப்பூசத்துக்கு முன்னால முடிச்சிடலாம்" என்றேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 11 வருடமாக மின்னணு போர்டு லேஅவுட் செய்கிறேன். வரிசை எனக்குத் தெரியாததா? திருகுத் துளைகளும் கனெக்டர்களும் முதலில், அப்புறம் சிப்புகள், அவற்றை ஒட்டி கெப்பாசிட்டர்கள், பிறகு ரவுட்டிங். மெமரிக் கோடுகளைப் பாம்பாக வளைத்து நீளத்தைச் சமப்படுத்துவது கடைசியில்.

போர்டு செய்யும் இடத்திலிருந்து பதில் வந்தது. மேல் லேயருக்கும் அதன் கீழிருக்கும் கிரவுண்டு லேயருக்கும் இடையே 4 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனால் இடைவெளி தடித்தால், 50 ஓம் இம்பிடன்ஸ் (வேகமான சிக்னலுக்குக் கோடு காட்டும் தடை) கிடைக்கக் கோடும் அகலமாக வேண்டும். 5 மில்லில் போட்டிருந்த கோடு 7-ஐ நெருங்கிவிட்டது. இடைவெளி மெலிந்திருந்தால் இருந்த இடத்திலேயே கோட்டைக் குறுக்கித் தப்பித்திருப்போம். இப்போது அந்த வளைவுகளுக்கு இடமே இல்லை. நான்கு நாள் வேலை. அவனே உட்கார்ந்து அழித்தான், ஒரு வார்த்தை பேசாமல்.

நான் சொன்னது முழுத் தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவன் போட்டுப் பார்த்ததால்தான் மெமரி சிப்பைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது தெரிந்தது. கையை வைக்காமல் அது தெரிந்திருக்காது. காத்திருந்தால் அதற்கும் சேர்த்துப் பிறகு அழித்திருப்போம்.

சரி, ஆனால் நீளம் சமப்படுத்தும் வேலை? நான்கு நாளில் மூன்று நாள் அதற்குத்தான் போனது. "கோட்டை மட்டும் இழு, வளைக்காதே" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மூன்று நாளும் மிஞ்சியிருக்கும். அவனுக்கு அது இரண்டாவது போர்டு. சொல்ல வேண்டியவள் நான்தான். அவசரத்தில் விட்டுவிட்டேனா, இது அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேனா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறும்போதும் இதே கேள்விதான்.

இப்போது புதிய போர்டு வந்தால், ஸ்டாக்கப்பை உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புகிறான், எனக்கும் ஒரு நகலுடன். அதுதான் சரியான வழக்கம், நானே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. நாற்காலியைத் திருப்புவதை மட்டும் நிறுத்திவிட்டான்.