நாலு அமைப்பு, மூன்று வாரம்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் திரைக்காட்சி அமைப்புகளுக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தருவதாக அலுவலகத்தில் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். ராப், லைன்பிரேக், லிஸ்ட், கலர்காலம் என நாலே அமைப்பு. இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்தது. (கலர்காலம் என்றதும் வசந்தகாலத்துக்குத் தங்கச்சி போலத் தோன்றும். 80 என்று கொடுத்தால் திரையில் 80-ஆவது இடத்தில் நெடுக ஒரு வண்ணக் கோடு விழும், அவ்வளவுதான்.)

முதல் அடி ராப்பிலேயே விழுந்தது. 'நீளமான வரிகளை மடக்கும்' என்று எழுதி, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வந்து நின்றாள். "அண்ணா, ஜே அழுத்தினா அடுத்த வரிக்குப் போகாம பத்தியையே தாண்டிக் குதிக்குது." அவள் மேல் தப்பில்லை. திரையில் ஐந்து வரியாகத் தெரிந்தது கோப்பில் ஒரே வரி. ஜே கோப்பு வரியைத்தான் எண்ணும். திரை வரியில் இறங்க ஜிஜே அழுத்த வேண்டும். 'மடக்கும்' என்பதை 'மடக்கிக் காட்டும், கோப்பைத் தொடாது' என்று மாற்றினேன்.

லைன்பிரேக் சொல்லை நடுவில் ஒடிக்காமல் மடக்கும். என் மடிக்கணினியில் ஒழுங்காக இருந்தது, பழைய சர்வரில் லிஸ்ட்டையும் (டேப், வரி முடிவு போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றைக் குறி போட்டுக் காட்டுவது) சேர்த்துப் போட்டால் வேலை செய்யவில்லை. அரை நாள் என் கான்ஃபிக் கோப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். விம் 7.4-இன் 353-ஆவது பேட்ச்சுக்கு (சிறு திருத்த வெளியீடு) முன்னால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு ஒரு வரி போதும், எழுதிவிட்டேன்.

உண்மையில் என்னை உட்கார வைத்தது தமிழ்தான். ஒரு வரியில் இருபது 'கி', அடுத்த வரியில் இருபது 'கீ', இரண்டின் முடிவிலும் '|' என்ற செங்குத்துக் கோட்டுக் குறியை அடித்தேன். கோட்டின் மேல் கர்சரை வைத்தால் கீழே ரூலர் (கர்சர் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்கள்) இரண்டு வரிக்கும் 121-21 என்றே காட்டியது: 121-ஆவது பைட், திரையில் 21-ஆவது இடம். கணக்கு சரி; ஓர் எழுத்துக்கு ஆறு பைட். ஆனால் என் டெர்மினலில் (விம் ஓடும் எழுத்துத் திரை) 'கி' வரியின் கோடு வெகுதூரம் வலப்பக்கம் தள்ளி நின்றது.

யூனிகோட் பட்டியலைத் திறந்து பார்த்தேன். துணைக்கால், கொம்பு போல இகரக் குறியும் இடம் எடுக்கும் குறி என்ற வகையில் இருக்கிறது. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காதவை. டெர்மினல் அதன்படி 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒரு கட்டம் ஒதுக்குகிறது. விம்மோ எல்லாக் குறியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரே கட்டமாக எண்ணுகிறது. குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று! தொல்காப்பியர் பார்த்தால் மாத்திரைக் கணக்கைக் காட்டிச் சண்டைக்கே வந்திருப்பார்.

இதை ஒன்றரைப் பக்கத்துக்கு ஆசை ஆசையாக எழுதினேன். சரிபார்த்த அக்கா முழுவதையும் அடித்துவிட்டு, "படிக்கிறவன் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுப்பா" என்றார். வலித்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி. கலர்காலத்தின் கீழே இப்போது இருப்பது இவ்வளவுதான்: 'டெர்மினலில் தமிழ் வரிகளுக்கு இந்தக் கோட்டை நம்பி அட்டவணை அடுக்காதீர்கள். ரூலர் காட்டும் இடமும் கண்ணுக்குத் தெரியும் இடமும் வேறாக இருக்கலாம்.'

அடித்த ஒன்றரைப் பக்கம் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.